பத்து விரலோடும் வீடு திரும்புவோம்
ஸ்பிண்டில் மெசினில் வளைவு வேலை செய்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

மண்வெட்டி பிடித்த கை உளி பிடிக்கப் பழகுவது எங்கள் குடாநாட்டில் புதிய சங்கதி அல்ல. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, மழையில் நனைந்தபடி, கைக்கெட்டியதைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தவர்கள் எத்தனை! வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செய்து பழகிய கைகளுக்குத் தோட்டம் இல்லாமல் போனது. தோட்டம் இல்லாத தோட்டக்காரன் என்ன செய்வான்? கிடைத்த தொழிலைச் செய்தான். மேசனுக்குக் கைஉதவி, மரக்காலையில் தூக்குவேலை, ஓடாவியாருக்குப் பக்கத்தில் நின்று சீவல் கூட்டும் வேலை. அப்படிப் போனவர்களில் பலர் தச்சு வேலையைக் கற்றுக்கொண்டு, பிள்ளைகளுக்கும் அதையே காட்டிக்கொடுத்தார்கள்.

தொண்ணூறுகளில் பல வருடங்கள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. வேலை எல்லாம் கைவாளும் சீவுளியும் வாய்ச்சியும் கொண்டுதான் நடந்தது. யுத்தம் 2009 ஆம் ஆண்டு முடிந்து, பாதையும் மின்சாரமும் வந்த பிறகு நிலைமை மாறியது. சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள் கண்டது கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களை. சிலருக்குச் சுவரும் இல்லை. இன்றும் விடுபடாத காணிகள் உண்டு. திரும்பியவர்கள் வீட்டுத்திட்ட உதவியோடும் சொந்தக் காசோடும் வீடு கட்டத் தொடங்க, நிலைக்கும் கதவுக்கும் கதிரைக்கும் தேவை கூடியது. தச்சுப் பட்டறைகளில் மெசின்கள் ஏறின. அவற்றில் ஒன்றுதான் ‘ஸ்பிண்டில்’ என்று எங்கள் பையன்கள் சொல்லும் மெசின்.

இந்த மெசின் வேலையைச் சுருக்கும், விரலையும் சுருக்கிவிடும். அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

மெசின் எப்படி வேலை செய்கிறது?

ஒரு இரும்பு மேடை. அதன் நடுவில் ஒரு துவாரம். துவாரத்துக்குள்ளால் நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு. தண்டில் கத்தித்தலை பூட்டப்பட்டிருக்கும். மோட்டார் கீழே இருந்து தண்டைச் சுற்றும். மரத்தை நாங்கள் மேடையில் வைத்துத் தள்ள, கத்தி அதன் ஓரத்தைச் சீவி வடிவம் கொடுக்கும். இவ்வளவுதான்.

ஆனால் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். தலையின் விட்டம் 120 மில்லிமீற்றர், சுற்று நிமிடத்துக்கு 6000 என்று வைப்போம். கத்தியின் நுனி வினாடிக்கு ஏறத்தாழ 38 மீற்றர் ஓடுகிறது. மணிக்கு 136 கிலோமீற்றர். கண்டி வீதியில் எந்த பஸ்ஸும் அந்த வேகத்தில் ஓடக்கூடாது! தலையில் இரண்டு கத்தி இருந்தால் ஒரு வினாடிக்குள் 200 வெட்டு. விரல் பட்டதை மூளை அறிந்து கையை இழுப்பதற்கு முன்னரே எல்லாம் முடிந்துவிடும். ‘நான் கவனமாக இருப்பேன்’ என்ற நினைப்பு மட்டும் இங்கே காவல் ஆகாது. கை கத்திக்குக் கிட்டப் போகவே முடியாதபடி வேலையை ஒழுங்கு செய்வதுதான் காவல்.

நேர் வேலையும் வளைவு வேலையும்

நேரான சட்டத்தை ஓட்டும்போது மேடையில் நீளமான ஓரத்தடுப்பு ஒன்று இருக்கும். மரம் அதில் சாய்ந்து ஒரே கோட்டில் போகும். கத்தியின் பெரும்பகுதி தடுப்புக்குள் மறைந்திருக்கும்.

சாய்மனைக் கதிரையின் கை, தொட்டிலின் வளைகால், வளைவு யன்னலின் மேல்நிலை, வட்ட மேசையின் விளிம்பு, வண்டிச் சில்லின் வட்டை போன்றவற்றுக்கு அந்தத் தடுப்பைக் கழற்றிவிட வேண்டும். அப்போது கத்தித்தலை வெளியே நிற்கும். மரம் சாய்வதற்கு இருப்பது கத்தித்தலையோடு சேர்த்துத் தண்டில் பூட்டிய ஒரு பேறிங் மட்டுமே. அது தொடும் இடமோ ஒரு புள்ளி. மரம் அந்தப் புள்ளியில் இரு பக்கமும் திரும்பும். போதாக்குறைக்கு, வளைவில் மரத்தின் நார் ஓடும் திசையும் இடத்துக்கு இடம் மாறும். ஒரு இடத்தில் வெண்ணெய் போலச் சீவும் கத்தி, அடுத்த அங்குலத்தில் நாரைக் கிளப்பி, மரத்தைப் பிடுங்கி எறியும். மரம் பறக்கும்போது, அதைப் பிடித்திருந்த கை வெறுமையாகக் கத்திப் பக்கம் போகும். விரல் போவது பெரும்பாலும் அந்த வேளையில்தான்.

முதல் வேலை: மரத்தைச் சோதித்தல்

எங்கள் மண்ணின் மரத்துக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. முப்பது வருட யுத்தத்தில் செல் துண்டுகளும் சன்னங்களும் மரங்களுக்குள்ளும் புகுந்தன. மரம் வளர, பட்டை மூடிக்கொள்ளும், வெளியே தெரியாது. வேலியில் நின்ற பூவரசுக்குள் பழைய முட்கம்பியும் ஆணியும் இருக்கும். வாய்ச்சியில் அகப்பட்டால் வாய் மட்டும் மழுங்கும். ஸ்பிண்டிலில் அகப்பட்டால் கத்தி உடைந்து பறக்கும்.

ஆகவே வளவு மரத்தை ஓட்டுவதற்கு முன் அரிந்த பலகையை இரு பக்கமும் வெளிச்சத்தில் பாருங்கள். வேம்பு, பூவரசு, பலா எதுவானாலும், கருநீலமாகவோ கறுப்பாகவோ கறை ஓடியிருந்தால் உள்ளே இரும்பு இருக்கக்கூடும். வலுவான காந்தத்தால் தடவிப் பாருங்கள். உலோகம் காட்டும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பித்தளையும் ஈயமும் காந்தத்தில் ஒட்டாது. சந்தேகமான பலகையை இந்த மெசினில் ஏற்றவே வேண்டாம். மரத்துக்குள்ளோ வேரடியிலோ வெடிபொருள் போன்ற ஒன்றைக் கண்டால் தொடாமல் விலகி, உடனே கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

வெடிப்பு, தளர்ந்த கணு, ஈரம் காயாத மரம் இவையும் ஆகாது. பனஞ்சட்டத்தின் கறுப்பு நார் கத்தியை விரைவில் மழுக்கும். மழுங்கிய கத்தி வெட்டாது, மரத்தைத் தள்ளும்.

இரண்டாவது வேலை: அச்சும் பிடிச்சட்டமும்

வளைவு வேலையின் உயிர் அச்சுப் பலகையில் இருக்கிறது. 12 மில்லிமீற்றருக்குக் குறையாத நல்ல ஒட்டுப்பலகையில் வேண்டிய வளைவை வெட்டி, அரம் போட்டு, மண்கடதாசியால் வழுவழுப்பாக்குங்கள். பேறிங் இந்த அச்சின் ஓரத்தைத்தான் தடவிக்கொண்டு போகும். அச்சில் ஒரு பள்ளம் இருந்தால் ஒவ்வொரு கதிரைக் கையிலும் அதே பள்ளம் விழும்.

அச்சுப் பலகை மரத்தின் நீளத்தோடு நின்றுவிடக் கூடாது. இரு முனையிலும் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை நீட்டி விடுங்கள். அப்போது மரம் கத்தியைத் தொடுவதற்கு முன்னரே அச்சு பேறிங்கில் அமர்ந்துவிடும். மரம் முடிந்த பிறகும் பேறிங்கை விட்டு விலகாது. மரத்தின் முனையில் கத்தி கொத்திப் பிடுங்கும் ஆபத்து இதனால் பெரிதும் குறையும்.

அச்சின் மேல் மரத்தை இறுக்க ஒரு பிடிச்சட்டம் செய்யுங்கள். முன்னும் பின்னும் முட்டுக்கட்டை, மேலே நெம்புபிடியோ போல்ட்டோ, கைக்கு இரண்டு உறுதியான பிடிகள். பிடிகள் கத்தியிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு ஆணியை அடித்துவிட்டு இது போதும் என்று விடக்கூடாது. ஆணி கழன்றால் மரம் பறக்கும். ஆணி கத்தியில் பட்டால் அதுவும் பறக்கும். பிடிச்சட்டம் பாரமாக இருப்பது நல்லது. பாரமானதைக் கத்தி எளிதில் எறிய மாட்டாது.

பிறகு மரத்தில் வளைவைக் கீறி, நாடா வாளால் கோட்டுக்கு வெளியே 2 அல்லது 3 மில்லிமீற்றர் மட்டும் விட்டு வெட்டுங்கள். ஸ்பிண்டிலின் வேலை கடைசிச் சீவல். வாளின் வேலையை அதற்குக் கொடுத்தால் அது திருப்பி அடிக்கும்.

சிறிய துண்டுகளை ஒருபோதும் கையால் பிடித்து ஓட்டாதீர்கள். பெரிய பலகையின் ஓரத்திலேயே வளைவைச் சீவி முடித்து, அதற்குப் பிறகு துண்டை அறுத்து எடுக்கலாம். அதற்கும் இடமில்லை என்றால் அரமும் உளியும் இருக்கவே இருக்கின்றன.

மூன்றாவது வேலை: மெசினை ஆயத்தம் செய்தல்

கத்தியைத் தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை அணைத்தது போதாது. எங்கள் ஊரில் கரண்ட் போவதும் வருவதும் நினைத்த நேரத்தில். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் திரும்பி வரும்போது மெசின் தானாகச் சுற்றத் தொடங்கக் கூடாது. கரண்ட் போனதும் தானே விழுந்து, மீண்டும் அமர்த்தினால் மட்டுமே ஓடும் வகைச் சுவிச்சைப் பூட்டுவியுங்கள்.

பழைய மெசின் வாங்குபவர்கள் கத்தித்தலையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இரண்டு வளையங்களுக்கு நடுவே தட்டையான கத்திகளை வைத்து, இறுக்கத்தால் மட்டும் பிடிக்கும் பழைய வகை ஒன்று உண்டு. ஒரு கத்தி மற்றதைவிட மயிரளவு மெல்லியதாக இருந்தாலும் அது கழன்று துப்பாக்கிச் சன்னம் போலப் போகும். அப்படிப்பட்ட தலையை இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். கத்தி முளையில் கொளுவி நிற்பதும், மரத்துக்குள் சிறிதளவே கடிக்க விடுவதுமான தலைகள் இப்போது கிடைக்கின்றன. கையால் தள்ளும் வேலைக்குச் செய்யப்பட்டவற்றில் எம்.ஏ.என். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். ஆகக்கூடிய சுற்று எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். அந்த எண்ணை மீறக்கூடாது.

இயலுமானவரை கத்தி மரத்துக்குக் கீழே இருக்கும்படி அமையுங்கள். மரம் கத்தியை மூடிக்கொண்டு போகும். மரம் சற்றுக் கிளம்பினாலும் கத்தியை விட்டு விலகுமே தவிர, அதற்குள் போய் விழாது. மேலே தெரியும் பகுதிக்கு வட்டக் காப்பு மூடி கட்டாயம் வேண்டும்.

எல்லாம் இறுக்கிய பின், பிளக்கைக் கொளுவுவதற்கு முன், தண்டை ஒரு தரம் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் முட்டக் கூடாது.

அடுத்தது சுழலும் திசை. பெரும்பாலான மெசின்களில் மேலிருந்து பார்க்கும்போது தண்டு மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுற்றும். அப்போது மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். மும்முனை மின்சாரத்தில் ஓடும் மெசினுக்கு வயரை மாற்றிக் கொளுவினாலோ, ஜெனரேற்றரில் பூட்டினாலோ தண்டு எதிர்ப்பக்கம் சுற்றக்கூடும். நட் தானாகக் கழலும். மரமும் கையை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே வயரில் கை வைத்த ஒவ்வொரு முறையும், மரத்தை வைப்பதற்கு முன் ஒரு கணம் மட்டும் ஓட்டி, திசையைப் பாருங்கள்.

நான்காவது வேலை: மரத்தைத் தள்ளுதல்

எப்போதும் கத்தி வரும் திசைக்கு எதிராகவே தள்ள வேண்டும். கத்தி ஓடும் பக்கமாகத் தள்ளினால் அது மரத்தைப் பறித்துக்கொண்டு ஓடும். பாதி வழியில் பின்னுக்கு இழுப்பதும் அதே பிழைதான்.

மேடையில், கத்திக்கு வலப்பக்கத்தில், ஊன்று முளை ஒன்று பூட்டும் துளை இருக்கும். அச்சை முதலில் அந்த முளையில் சாய்த்து, மெல்லத் திருப்பிப் பேறிங்கில் தொடவிடுங்கள். பேறிங்கில் நன்றாக அமர்ந்த பிறகு முளையை விட்டுத் தொடர்ந்து நகர்த்துங்கள். ஊன்று முளை இல்லாமல் வெறும் கையால் கத்திக்குள் நுழைப்பது, கடிவாளம் இல்லாத மாட்டை வண்டியில் பூட்டியது போல.

இனி நாரின் கதை. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் மயிர் படியும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் சிலிர்க்கும். மரமும் அப்படித்தான். வெளிப்பக்கம் குவிந்த வளைவில், கூரை முகட்டிலிருந்து மழைநீர் வடிவதுபோல, உச்சியிலிருந்து முனைகளை நோக்கிச் சீவ வேண்டும். உட்பக்கம் குழிந்த வளைவில், கிண்ணத்தின் விளிம்பிலிருந்து அடிக்கு இறங்குவதுபோல, முனைகளிலிருந்து நடுவை நோக்கிச் சீவ வேண்டும்.

ஆனால் மெசினிலோ தள்ளும் திசை ஒன்றுதான். என்ன செய்வது? ஒரு பாதியைச் சீவிவிட்டு, மெசினை நிறுத்தி, மரத்தை அச்சோடு கவிழ்த்துப் போட்டு மற்றப் பாதியைச் சீவலாம். இதற்குக் கத்திக்கு மேலும் கீழும் பேறிங் இருக்க வேண்டும். அல்லது எதிர்ப்பக்கத்துக்கு இன்னொரு அச்சுச் செய்ய வேண்டும். பூ வேலையுள்ள விளிம்பைக் கவிழ்த்துப் போட முடியாது. அங்கே ஒரு தடவைக்கு 1 அல்லது 2 மில்லிமீற்றர் மட்டும், பல தடவையாக, பொறுமையாகச் சீவுங்கள். அவசரக்காரனுக்கு இந்த மெசின் ஆகாது.

உடையும் இடமும்

சாரத்தோடு மெசினில் நிற்பது எங்கள் பழக்கம். அதை விட வேண்டும். காற்சட்டை, இறுக்கமான கை உள்ள சட்டை, கால் மூடிய சப்பாத்து. சால்வை, மணிக்கூடு, மோதிரம், கைநூல் ஒன்றும் வேண்டாம். கையுறையும் வேண்டாம், கத்தி கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், மூக்குக்கு நல்ல மூடி. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்று என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 1995 ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது.

மரம் பறக்கக்கூடிய நேர்கோட்டில் நீங்களும் நிற்கக் கூடாது. மற்றவர்களும் நிற்கக் கூடாது. காலடியில் சீவல் கிடந்தால் வழுக்கும். மெசினில் நிற்பவருடன் எவரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். சுவிச்சை அணைத்த பிறகும் தண்டு சுற்றிக்கொண்டிருக்கும். அது தானாக நிற்கும்வரை அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள். மரக்கட்டையைக் கொடுத்து நிறுத்தவும் வேண்டாம்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இத்தகைய மெசினில் நிறுத்தக் கூடாது. இது சட்டமும்கூட. ஆபத்தான மெசினுக்குக் காப்பு வேண்டும் என்பது 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. வேலையில் காயப்பட்ட தொழிலாளிக்கு நட்டஈடு கேட்கும் உரிமையை 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தருகிறது. ‘மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டு, வேலை கெதியாய் முடியும்’ என்று சொல்லும் முதலாளிக்கு, ‘மூடியோடுதான் ஓட்டுவேன் அண்ணை’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தப்பித்தவறி விபத்து நடந்தால்

சுத்தமான துணியால் காயத்தை இறுக்கி அழுத்துங்கள்; கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்; 2018 ஆம் ஆண்டு முதல் வடக்கிலும் இந்தச் சேவை உண்டு. துண்டான விரலை எறிந்துவிட வேண்டாம். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். விரலில் ஐஸ் நேரே படக் கூடாது. கோப்பித்தூள், மஞ்சள் எதையும் காயத்தில் அப்ப வேண்டாம்.

மெசின் இல்லாமலும் முடியும்

நான்கு கதிரைக் கைக்கு அச்சும் பிடிச்சட்டமும் செய்யும் நேரத்தில், கைக் கருவியாலேயே அந்த நான்கையும் செய்து முடித்துவிடலாம். இருபது முப்பது ஒரே மாதிரி வேண்டும் என்றால்தான் ஸ்பிண்டில் கட்டுபடியாகும். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938 ஆம் ஆண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. எங்கள் ஓடாவிமார் கைக் கருவிகளால் கட்டிய பாய்க்கப்பல் அது. வளைவு வேலை எங்களுக்கு அந்நியமானது அல்ல. மெசின்தான் புதிது.

புதியதை முறையாகக் கற்றுக்கொள்வோம். தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சு வேலைக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். பல வருட அனுபவம் உள்ளவர்கள், இருக்கும் திறமையைக் காட்டி மதிப்பீட்டின் மூலமும் அதைப் பெற வழி உண்டு. கிராமத்தில் நாலைந்து பட்டறைக்காரர் சேர்ந்தால் நல்ல கத்தித்தலை ஒன்றைப் பொதுவில் வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம். செய்த அச்சுகளையும் பகிர்ந்துகொள்ளலாம்.

காணி திரும்பக் கிடைக்கும் நாளில் பாத்தி கட்டவும், வெங்காயம் நடவும், மாட்டில் பால் கறக்கவும் இந்தக் கைகள் வேண்டும். ஏற்கனவே காணியை, வீட்டை, உறவை இழந்தவர்கள் நாங்கள். விரலையும் இழக்க வேண்டாம். இன்று பட்டறைக்குப் போகும் தம்பி, பின்னேரம் பத்து விரலோடும் வீட்டுப் படலையைத் திறக்க வேண்டும். அதற்காக அரை மணித்தியாலம் பிந்தினாலும் பரவாயில்லை.